தோல் டிரம்மிலும் உயிரணுவிலும் ஒரே விசை

காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் பாலாற்றிலிருந்து வருகிறது. வாலாஜா அருகே 1850களில் கட்டப்பட்ட அணைக்கட்டு ஆற்றுநீரைத் திருப்பிக் கால்வாயில் விடுகிறது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் மிகப் பெரிய ஏரிகளில் ஒன்று அப்படித்தான் நிரம்புகிறது. அந்த அணைக்கட்டுக்கு மேலே, ஆற்றின் இரு பக்கமும், நாடறிந்த தோல் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன: வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. மேலே தோல் பதனிடும் கழிவுநீர், கீழே அதே ஆற்றை நம்பிய வயலும் கிணறும். இந்தப் பக்கத்து மக்களுக்குக் ‘குரோமியம்’ என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த உலோகம் ஓர் உயிரணுவுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை இவர்களுக்கு யாரும் பொறுமையாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டுமென்றால், உயிரியலில் நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் ஒரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களைப் பிடித்து இரு பக்கமும் கொண்டுபோய்ச் சேர்ப்பது எந்த விசை?

நம் உடலில் ஒரு நாளைக்குச் சுமார் 33,000 கோடி செல்கள் பழையன கழிந்து புதியன வருகின்றன. பெரும்பாலானவை ரத்தத்திலும் குடலின் உட்சுவரிலும். ஒவ்வொரு முறையும் 46 குரோமோசோம்களும் பிரதி எடுக்கப்பட்டு, ஆளுக்கு 46 என்று சரியாகப் பங்கிடப்பட வேண்டும். ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அந்தச் செல் செத்துப்போகலாம். சாகாமல் தப்பினால் அது இன்னும் ஆபத்து.

1873இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த எர்மான் ஃபோல் ஒரு ஜெல்லிமீனின் முட்டை பிரிவதை நுண்ணோக்கியில் பார்த்தார். இரண்டு மையங்கள், அவற்றைச் சுற்றிக் கதிர்கள், நடுவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வளைந்து செல்லும் கோடுகள். காந்தத்தின் இரு துருவங்களைச் சுற்றி இரும்புத்தூள் அமைவது போலவே இருக்கிறது என்று எழுதினார். பள்ளிக்கூடத்தில் காகிதத்தின் மேல் இரும்புத்தூள் தூவிக் கீழே காந்தத்தை வைத்துப் பார்த்த எவரும், பாடப்புத்தகத்தில் உள்ள செல் பிரிதல் படத்தைப் பார்த்தால் அதையேதான் நினைப்பார்கள்.

அந்த எண்ணத்தை யாரையும்விட அதிகம் வளர்த்தெடுத்தவர் மார்கஸ் ஹார்ட்டாக். இளமையில் இலங்கையின் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் பணிபுரிந்து, பிறகு அயர்லாந்தின் கார்க் நகரில் பேராசிரியராக இருந்தவர். செல் பிரிவதற்கென்றே காந்த விசையை ஒத்த ஒரு தனி விசை இருக்கிறது என்று 1900களின் முதல் பத்தாண்டில் கட்டுரைமேல் கட்டுரை எழுதினார். அமெரிக்காவில் ரால்ஃப் லில்லி, நீரில் மிதக்கும் காந்தங்களைக் கொண்டு, குரோமோசோம்கள் செல்லின் நடுக்கோட்டில் வரிசைகட்டும் விதத்தைச் செய்துகாட்டினார்.

அழகான கொள்கை. தவறான கொள்கையும்கூட. அதைக் கவிழ்த்த சான்றுகளில் ஒன்று இந்தக் கட்டுரையின் பிற்பகுதியில் வேறொரு வேடத்தில் வரும்; அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். காந்தத்துக்கு வடக்கு, தெற்கு என்று எதிரெதிரான இரண்டு துருவங்கள்தான் உண்டு. சில செல்களில் பிரிதல் பிசகி, இரண்டுக்குப் பதில் மூன்று துருவங்கள் தோன்றும். அந்த மூன்றில் எந்த இரண்டை எடுத்தாலும் நடுவே ‘கதிர்க்கோல்’ எனப்படும் அதே கோடுகள் ஒழுங்காக ஓடும். மூன்றும் ஒன்றுக்கொன்று எதிர்த் துருவமாக இருக்க முடியாது. அங்கே காந்தக் கொள்கை தடுமாறியது. பின்னர் 1950களில் ஷின்யா இனோவே, தளவிளைவுற்ற ஒளியில் உயிருள்ள செல்லைப் பார்த்து, அந்தக் கோடுகள் வெறும் விசைக்கோடுகள் இல்லை, உண்மையான இழைகள் என்று காட்டினார். குளிர்வித்தால் கரைந்தன, சூடு திரும்பியதும் மறுபடி கட்டிக்கொண்டன. இன்று அவற்றை நுண்குழல்கள் என்கிறோம். ‘டியூபுலின்’ என்ற புரதம் ஒன்றோடொன்று அடுக்கி எழும்பும், 25 நானோமீட்டர் விட்டமுள்ள குழல்கள்.

அப்படியானால் மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் இங்கே வேலையே இல்லையா? இருக்கிறது. ஃபோலும் ஹார்ட்டாக்கும் தேடிய தூரத்தில் அது இல்லை என்பதுதான் விஷயம்.

செல்லுக்குள் இருப்பது உப்புத் தண்ணீர். பொட்டாசியம், மெக்னீசியம், பாஸ்பேட் என்று மின்னூட்டமுள்ள அயனிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. எதிர்மின் ஊட்டம் கொண்ட ஒரு மூலக்கூறைச் சுற்றி நேர்மின் அயனிகள் உடனே கூடி, அதன் இழுப்பை வெளியே தெரியாமல் மறைத்துவிடும். வாலாஜா சந்தை இரைச்சலில் ஒருவர் பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்பது போல, செல்லுக்குள் ஒரு மின்னூட்டத்தின் குரல் ஏறக்குறைய ஒரு நானோமீட்டர் வரைதான் கேட்கும். குரோமோசோமுக்கும் துருவத்துக்கும் இடையிலுள்ள தூரம் அதைப் போலப் பல ஆயிரம் மடங்கு. அவ்வளவு தொலைவிலிருந்து எந்தத் துருவமும் எந்தக் குரோமோசோமையும் மின்விசையால் இழுக்க முடியாது. ஆனால் தொட்டுக்கொள்ளும் தூரத்துக்கு வந்துவிட்டால், அங்கே நடப்பதெல்லாம் மின்னூட்டத்தின் ஆட்சி.

மரபுப்பொருளான டிஎன்ஏவையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு படிக்கும் இரண்டு பாஸ்பேட்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் எதிர்மின் ஊட்டம். மனித செல் ஒன்றில் சுமார் 640 கோடிப் படிகள். ஆகவே ஒரே செல்லில் ஏறக்குறைய 1,280 கோடி எதிர்மின் ஊட்டங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. பிரிவதற்கு முன் பிரதி எடுத்தபின் இது இரட்டிப்பு. நீட்டினால் இரண்டு மீட்டர் வரும் இந்த நூல், ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சிறிய உட்கருவுக்குள் அடங்கியிருப்பது எப்படி? ஹிஸ்டோன் என்ற நேர்மின் புரதங்களைச் சுற்றிச் சுருண்டு, பாதி பகையைத் தீர்த்துக்கொள்கிறது. செல் பிரியும் நேரத்தில் மெக்னீசியம் அயனிகள் கூடுதலாக விடுவிக்கப்பட்டு, மீதிப் பகையையும் தணித்து, குரோமோசோமை இன்னும் இறுக்குகின்றன என்று ஜப்பானில் மயேஷிமா குழுவினர் 2018இல் காட்டினார்கள். இப்படி இறுகிய குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விடாமலும் இருக்க வேண்டுமே. அதற்கு அவற்றின் மேற்பரப்பில் ‘கேஐ-67’ என்ற புரதம் முள் முள்ளாய் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதன் மின்னூட்டமும் பருமனும் பக்கத்துக் குரோமோசோமை எட்டி நிற்க வைக்கின்றன. இது 2016இல் தெரியவந்தது. புற்றுநோய்க் கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று அறிய, பயாப்ஸி அறிக்கையில் மருத்துவர்கள் தேடும் அதே கேஐ-67தான்.

என்னை மிகவும் வியக்க வைத்தது இதற்கு அடுத்த கட்டம். குரோமோசோமை நுண்குழல் பிடித்துக்கொள்ள வேண்டும். நுண்குழலின் மேற்பரப்பு எதிர்மின் ஊட்டம் நிறைந்தது. குரோமோசோமின் இடுப்பில் இருக்கும் பிடிமான அமைப்பான கைனெட்டோகோரிலிருந்து, என்டிசி-80 என்ற புரதத்தொகுதி வெளியே நீள்கிறது. அதன் வால்நுனி நேர்மின் ஊட்டம் கொண்டது. நேரும் எதிரும் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் தவறான பக்கத்துக் குழலைப் பிடித்துவிட்டால்? இரட்டைக் குரோமோசோம்கள் இரண்டையும் ஒரே துருவமே இழுத்துக்கொண்டால், ஒரு மகள் செல்லுக்கு இரண்டு, இன்னொன்றுக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். அதைத் தடுக்க அங்கே அரோரா-பி என்ற நொதி காவல் இருக்கிறது. இழுவிசை சரியாக இல்லாத இடத்தில், அது என்டிசி-80இன் வாலில் பாஸ்பேட்டுகளைப் பதித்துவிடுகிறது. ஒவ்வொரு பாஸ்பேட்டும் எதிர்மின் ஊட்டம். வாலின் நேர்மின் குறைகிறது, பிடி தளர்கிறது, குழல் கழன்று விழுகிறது. மறுபடி வேறொன்றைப் பிடித்துப் பார்க்கிறது. இரு பக்கமும் சரியாக இழுபட்டு விறைத்து நிற்கும்போது, வால் அரோராவுக்கு எட்டும் தூரத்திலிருந்து விலகுகிறது, பாஸ்பேட்டுகள் நீக்கப்படுகின்றன, பிடி உறுதியாகிறது. பிழை கண்டுபிடித்துத் திருத்தும் வேலையின் பெரும்பகுதி ஒரு சின்ன வாலின் மின்னூட்டத்தைக் கூட்டிக் குறைப்பதில் நடக்கிறது.

இந்தக் குழல்களைப் பற்றி உலகம் அறிந்ததில் நம் மண்ணின் செடி ஒன்றுக்கும் தொடர்பு உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளில் ‘கால்ச்சிசின்’ என்ற நஞ்சு இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று சொல்லி, மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதை மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. கால்ச்சிசின் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு குழல் எழும்பவிடாமல் தடுக்கிறது. செல், குரோமோசோம்கள் இறுகி நிற்கும் நிலையிலேயே உறைந்துபோகிறது. குழந்தைக்கு மரபணுக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேலூர் சிஎம்சி போன்ற மருத்துவமனைகளில் குரோமோசோம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கிறார்களே, அங்கும் கால்ச்சிசின் அல்லது அதன் நெருங்கிய உறவான மருந்தைக் கொண்டுதான் செல்களை அந்த நிலையில் நிறுத்திப் படமெடுக்கிறார்கள். குரோமோசோமில் சாயம் ஏறுவதும் மின்னூட்டத்தால்தான்: சாயம் நேர்மின், டிஎன்ஏ எதிர்மின்.

வெளியிலிருந்து மின்புலம் கொடுத்துச் செல் பிரிவதைத் தடுக்க முடியுமா? ஓரளவு முடிகிறது. இஸ்ரேலில் யோராம் பால்டி குழுவினர், விநாடிக்கு ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் முறை திசை மாறும் மெல்லிய மின்புலத்தில், பிரிந்துகொண்டிருக்கும் புற்றுசெல்கள் சிதைவதை 2004இல் வெளியிட்டார்கள். அதிலிருந்து உருவான கருவிக்கு 2011இல் அமெரிக்க அரசு, கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கு அனுமதி தந்தது. தலையை மழித்து, மின்முனைப் பட்டைகளை ஒட்டிக்கொண்டு, நாளில் 18 மணி நேரமாவது அணிந்திருக்க வேண்டும். 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வில், மருந்து மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 16 மாதம். கருவியும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 20.9 மாதம். அந்த நோயில் ஐந்து மாதம் சின்ன விஷயமில்லை. ஆனால் அந்த மின்புலம் செல்லுக்குள் எதைப் பிடித்து ஆட்டுகிறது என்பதில் இன்னும் சச்சரவு. டியூபுலினைத் திருப்பிப்போடுகிறது என்று முதலில் சொன்னார்கள். அதற்கு அந்த மின்புலம் போதாது என்று இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

காந்தத்தைக் கொண்டு செய்ய வேண்டுமென்றால் எவ்வளவு வலு வேண்டும் என்பதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. 1998இல் அமெரிக்காவில் தவளை முட்டைகளை 16.7 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்தபோது, முட்டை பிளக்கும் திசை மாறியது. மருத்துவமனை எம்ஆர்ஐ கருவிகள் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. காந்தப் படுக்கை, காந்தத் தண்ணீர் என்று சொல்லி செல்லைப் புதுப்பிப்பதாகப் பணம் வாங்குகிறவர்கள் விற்பது இதில் ஒரு துளியும் இல்லை. நோயாளி வீட்டின் பணத்தை அதற்குக் கொடுப்பது கொடுமை.

இனி தோலுக்கு வருவோம். தோல் பதனிடும் டிரம்முக்குள் நடப்பதும் செல்லுக்குள் நடப்பதும் எவ்வளவு ஒன்று என்பதை இந்தப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் கையாலேயே அறிந்திருக்கிறார்கள். சுண்ணாம்பு போட்டு முடி நீக்கிய தோலை முதலில் ‘பிக்கிள்’ செய்வார்கள்: உப்பும் கந்தக அமிலமும். தோல் என்பது கொலாஜன் என்ற புரத இழைகள். அவற்றில் எதிர்மின் ஊட்டமுள்ள கார்பாக்சில் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அமிலம் அந்த ஊட்டத்தை மூடிவிடுகிறது. அப்படி மூடாமல் குரோமைப் போட்டால், அது மேல்தோலிலேயே பிடித்துக்கொண்டு உள்ளே இறங்காது. மூடியபின் போட்ட குரோம் தடையில்லாமல் நடுப்பகுதி வரை ஊறுகிறது. பிறகு சோடா போட்டு அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். மூடியிருந்த எதிர்மின் ஊட்டங்கள் மறுபடி திறந்துகொள்ளும்; நேர்மின் குரோமியம் அவற்றை இழைக்கு இழை பாலமாகக் கட்டிவிடும். நீலநிறத் தோல், வெட் ப்ளூ, தயார். ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள். பச்சைத்தோல் 65 டிகிரி வாக்கிலேயே சுருங்கிவிடும். குரோம் சரியாக ஏறிய தோல் 100 டிகிரியிலும் சுருங்காது. என்டிசி-80இன் வாலில் நடப்பதும் இதுவே: மின்னூட்டத்தை மூடி விடுவிப்பது, திறந்து பிடிப்பது.

அந்தக் கொலாஜனின் அமைப்பை உலகுக்குச் சொன்னதும் தமிழ்நாட்டில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், பக்கத்திலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாணைப் பெற்று, எக்ஸ்ரே கொண்டு ஆராய்ந்து, மூன்று இழைகள் முறுகிய வடிவத்தை 1954, 55இல் வெளியிட்டார்கள்.

டிரம்மில் போடுவது மூன்று நேர்மின் கொண்ட குரோமியம். அது செல்லுக்குள் எளிதில் நுழையாது. ஆறு இணைதிறன் குரோமியம் வேறு. அது நான்கு ஆக்சிஜனோடு சேர்ந்து ‘குரோமேட்’ ஆகத் திரியும்: இரண்டு எதிர்மின் ஊட்டம், நான்முக வடிவம். நம் செல்களுக்கு நாள்தோறும் தேவைப்படும் சல்பேட்டுக்கும் அதே ஊட்டம், அதே வடிவம். செல்லின் வாசலில் சல்பேட்டை உள்ளே விடும் புரதத்துக்கு இரண்டையும் வேறுபடுத்தத் தெரியாது. உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே போனதும், செல்லைக் காக்க வேண்டிய வைட்டமின் சியும் குளுட்டாதயோனும் குரோமேட்டுக்கு எலக்ட்ரான்களைக் கொடுத்து அதை மூன்று நேர்மின் குரோமியமாக மாற்றுகின்றன. இப்போது அதனால் வெளியே போக முடியாது. பக்கத்தில் கோடிக்கணக்கான எதிர்மின் ஊட்டங்களோடு டிஎன்ஏ நிற்கிறது. தோல் இழையில் பாலம் கட்டிய அதே அயனி, இங்கே பாஸ்பேட்டில் போய் உட்காருகிறது. பிரதி எடுக்கும் இயந்திரம் அங்கே தடுக்கி நிற்கிறது, நூல் அறுகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. குரோமேட்டுக்கு நீண்ட நேரம் உட்படுத்தப்பட்ட மனித நுரையீரல் செல்களில், துருவங்களை அமைக்கும் சென்ட்ரோசோம்கள் இரண்டுக்குமேல் பெருகுவதை ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது துருவம் தோன்ற அதுவே வழி. ஹார்ட்டாக்கின் காந்தக் கொள்கையைத் தடுமாற வைத்த அந்த முத்துருவக் கதிர்க்கோலில், 92 குரோமோசோம் பிரதிகளை மூன்றாய்ப் பங்கிடும்போது எந்த மகள் செல்லுக்கும் சரியான கணக்கு வராது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1990இலேயே ஆறு இணைதிறன் குரோமியத்தை, மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்தது. முக்கியமாக அதைச் சுவாசித்த தொழிலாளர்களின் நுரையீரலை வைத்துச் சொன்னது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் இதைத் தயாரித்த ஆலை இருந்தது: தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ். ‘தோல் ஷாப்பு’ எனப்படும் பதனிடும் ஆலைகளுக்கு வேண்டிய குரோம் உப்புகளை 1970களின் நடுவிலிருந்து இருபது ஆண்டு உற்பத்தி செய்து மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு திறந்தவெளியிலேயே குவிந்து நின்றது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையைச் சேர்த்தது. மழை பெய்தால் கழிவிலிருந்து கசிவது மஞ்சள் நீர். மஞ்சள் என்பது ஆறு இணைதிறனின் நிறம். தோல் ஷாப்பின் நீலமும் பச்சையும் மூன்று இணைதிறனின் நிறம். கண்ணாலேயே பிரித்தறியக்கூடிய இந்த வேற்றுமையைப் பேச்சிலும் செய்தியிலும் குழப்பிவிடுகிறோம். தோல் தொழிலாளியைக் குற்றம் சொல்ல வேண்டிய இடமும், ரசாயன ஆலையைக் குற்றம் சொல்ல வேண்டிய இடமும் அதனால் கலந்துபோகின்றன. மூன்று இணைதிறன் கழிவும் தீங்கில்லாதது என்று சொல்லவில்லை. மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அதில் ஒரு பங்கு ஆறாக மாறக்கூடும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத்தொட்டிச் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர்கள் தூக்கத்திலேயே இறந்தார்கள். அவர்களைக் கொன்றது வேதியியல்கூட இல்லை, சேற்றின் எடை.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. 2025 ஜனவரியில் அதே வேலூர் மாசு பற்றி அதே நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்பெழுத வேண்டியிருந்தது. ஆலை மூடிக் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் குரோமேட் மேடு ஒரு வழக்காகவும் திட்டமாகவும்தான் பேசப்பட்டுவந்தது. இதில் எனக்குக் கோபம் உண்டு, ஏனென்றால் வழி என்னவென்று வேதியியல் அறிந்தவர்களுக்கு எப்போதோ தெரியும். ஆறு இணைதிறன் குரோமியத்துக்கு மூன்று எலக்ட்ரான்கள் கிடைத்தால் அது மூன்று இணைதிறனாகிப் படிந்துவிடும். மலிவான ஃபெரஸ் சல்பேட்டின் ஒவ்வொரு இரும்பு அயனியும் ஓர் எலக்ட்ரானைக் கொடுக்கும். ஒரு குரோமியத்துக்கு மூன்று இரும்பு. செல்லுக்குள் வைட்டமின் சி செய்தால் டிஎன்ஏ அறும் அதே மாற்றம், செல்லுக்கு வெளியே மண்ணில் நடந்தால் குரோமேட்டின் வாசல் அடைபடும். எங்கே நடக்கிறது என்பதுதான் எல்லாம்.

இந்தியத் தர நிர்ணயம் குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் வரை என்கிறது. அது இரண்டு வகையையும் சேர்த்த கணக்கு. அணைக்கட்டிலிருந்து காவேரிப்பாக்கம் வரை கால்வாய்க் கரைக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கும்போது, ஆறு இணைதிறனைத் தனியாக அளந்து தனி எண்ணாகக் கொடுங்கள் என்று கிராம சபையிலேயே கேட்கலாம். டைஃபினைல் கார்பசைடு என்ற வினைப்பொருளைச் சில துளி விட்டால், ஆறு இணைதிறன் இருக்கும் தண்ணீர் சிவந்த ஊதாவாக மாறும். எவ்வளவு ஊதா என்பதை அளந்தால் அளவு தெரிந்துவிடும். பெரிய கருவி வேண்டியதில்லை. மாவட்டத்தில் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகம் போதும்.